இரண்டு தட்டில் கிளம்பிய வண்டி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம் வீடியோவில் உன் தலையைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு. கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்லமாட்டேன் என்று நேற்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. தவிரவும், போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் ஒட்டுப் போடுவார். இப்போது சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். ஹோட்டல் அறையில் மேஜை இருக்கிறது, தாள் இருக்கிறது, பேனாவும் அவர்களுடையதே. வீட்டுச் சாவியை எதிர்வீட்டு டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம், ஊற்றினேன் என்று தினமும் போட்டோ அனுப்புகிறார், எல்லாம் ஒரே போட்டோ மாதிரி இருக்கிறது.

நீயும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து போட்ட திட்டம் இந்தப் பயணம் என்பது எங்கள் நாலு பேருக்குமே தெரியும். பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் மென்று முழுங்கத்தான் செய்வார்கள், வெளிநாட்டில் ஒரே பஸ்ஸில் ஏற்றி நாலு கோட்டை கொத்தளத்தைக் காட்டினால் தானாகப் பேசிப் பழகிவிடுவார்கள், பிள்ளையின் அப்பாவும் மனம் இளகிக் கல்யாணத்துக்குச் சரி என்பார் என்று கணக்குப் போட்டீர்கள். யோசனை மோசமில்லை. எனக்கு வந்த முதல் சங்கடம் அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். சம்பந்தி என்று கூப்பிட அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அண்ணா என்றால் உரிமை கொண்டாடுவதாக நினைப்பார். சார் என்றால் பத்திரம் பதியப் போய் வரிசையில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறது, அவரோ பத்திரப் பதிவு ஆபீசில் பதிவாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகவே வந்த நாளிலிருந்து அவரைக் கூப்பிடாமலேயே பேசி வருகிறேன். இங்க பாருங்களேன் என்று பொதுவாகச் சொல்வேன், யாராவது ஒருவர் திரும்புவார். கடிதத்தில் பதிவாளர் என்றே எழுதிவிடுகிறேன். அவர் மனைவியிடம் எனக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர், விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் காலைப் பார்த்து, "வீங்கியிருக்கே, உப்பக் குறைங்க" என்றார். அதோடு சிநேகிதமாகிவிட்டோம்.

வீட்டை விட்டு ஓடிவந்த எத்தனையோ ஜோடிகளை மாலையும் கழுத்துமாக நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கிக் கல்யாணத்தைப் பதிந்து கொடுத்தவர், சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் வருஷம் ஒன்று ஆகப்போகிறது, முடியாது, யோசிக்கணும், முடியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று நாமும் குழம்பிப் போயிருந்தோம். உன் அப்பா குழம்பவே இல்லை. நாம் கண்டக்டர் வீடு, அவர் ஆபீசர் வீடு, அதுதான் தயக்கம் என்று முடிவே கட்டிவிட்டார். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு நீயும் கிளம்புகிற அன்று அவரிடம், "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த பஸ்ல பயணியா மட்டும் இருங்க" என்று சொன்னாய். அவர் சத்தியமே செய்தார். உன் கல்யாணம் தன் நடத்தையில்தான் தொங்குகிறது என்று அவர் நம்பினார் குட்டி. விமானத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்குக்கூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் கேட்டார்.

நேற்றுக் காலையில் ஊர் சுற்றிக் காட்டும் பஸ் வந்தது. அது ஒரு பழைய மாடி பஸ். புது வண்டி வாங்க வக்கில்லாமல் இல்லையாம், பழங்காலத்து இடங்களைப் பழங்காலத்து வண்டியில் போய்ப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்களாம். பின்பக்கம் கதவே கிடையாது. படிக்கட்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் திறந்தபடி. அதைக் கண்டதும் உன் அப்பாவின் முகம் மலர்ந்ததே, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்துக்கூட அப்படி மலரவில்லை. வழிகாட்டி ஒரு சின்னப் பெண். கூட்டத்தில் நாங்கள் தொலைந்துபோகாமல் இருக்க மஞ்சள் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள். அவள் இங்கிலீஷில் சொல்வாள், பதிவாளர் எங்களுக்குத் தமிழில் சொல்வார், சொல்லும்போதே அதில் உள்ள பிழைகளையும் சேர்த்துச் சொல்வார். முதலில் ஒரு பழைய பாலம். ராஜா ஒருவர் ராணிக்குப் பரிசாகக் கட்டிக் கொடுத்தது என்றாள். பதிவாளர் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஆத்து மேல இருக்கறத தனி ஆளுக்கு எழுதிக் குடுக்க முடியாது, செல்லாது" என்றார். அடுத்து மணிக்கூண்டு. அந்தக் கடிகாரம் ஓடாமல் நின்று நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். "அப்புறம் எதுக்கு இத்தனை பேர் நின்னு அதையே பாக்கறாங்க" என்று நர்ஸம்மா கேட்டார். கேட்டுவிட்டு அவரும் நின்றார், நாங்களும் நின்று பார்த்தோம்.

பாலம் வரைக்கும் உன் அப்பா முழங்காலில் கை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா. மணிக்கூண்டில் மறுபடி பஸ் ஏறும்போது முன்னால் நின்றவர்களைப் பார்த்து, "மேல போங்க, மேல எடம் இருக்கு" என்றார். தமிழில்தான் சொன்னார். அவர்களும் போனார்கள். அடுத்து ஒரு அரண்மனை பார்த்துத் திரும்பியபோது எல்லாரும் பஸ்ஸில் ஏறும் வரை கீழே நின்று, பாத்து, பாத்து, கால ஊனி ஏறுங்க என்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பதிவாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் உன் அப்பாவைத் தனியாக இழுத்து, "நம்ம பொண்ணு வாழ்க்கை உங்க கையிலதான் இருக்கு" என்றேன். தன் கையைப் பார்த்தார், அது கம்பியைப் பிடித்திருந்தது. சட்டென்று எடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் வந்தது ஒரு கோட்டை வாசல். அங்கே ஒரு கல்வெட்டு, பக்கத்திலேயே அதை இங்கிலீஷில் எழுதிய பலகை. பதிவாளர் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாங்கள் உள்ளே போய்ப் பீரங்கி பார்த்து, கிணறு பார்த்து, ஒன்றுமில்லாத ஒரு அறையையும் பார்த்துவிட்டு வந்தோம், அவர் பாதிதான் தாண்டியிருந்தார். நர்ஸம்மாவுக்கும் முழங்கால் வலி, போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம், "நான் கூப்பிட்டா ஒரு வரிகூட விடமாட்டார், நீங்க கூப்பிட்டா மரியாதைக்காவது வருவார், கூட்டிட்டு வாங்களேன்" என்றார். நான் என் சால்வையையும் கைப்பையையும் சீட்டில் போட்டுவிட்டுப் போனேன். போன் பைக்குள். பக்கத்து வரிசையில் பதிவாளரின் தொப்பியும் அவர் சீட்டில்தான் கிடந்தது. நான் போனபோது அவர் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ராஜா இந்தக் கோட்டையை ஊர் ஜனங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று இருக்கிறதாம். "சாட்சி ஒருத்தர்தான் போட்டிருக்கான், ரெண்டு சாட்சி வேணும். கோட்டை இன்னும் ராஜா பேர்லதான் இருக்கு" என்றார். அப்போ நம்மகிட்ட டிக்கெட் வாங்கினது யாருங்க என்று கேட்டேன். அவர் அதைப் பற்றி நின்று யோசித்தார். அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

பஸ்ஸில் நடந்தது நர்ஸம்மா பிறகு சொன்னது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து வண்டியை எடு எடு என்று ஓட்டுநரை விரட்டியிருக்கிறார். மஞ்சள் குடைப் பெண் மாடியில் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், ஓட்டுநர் கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்க்கிறார், சொல்வதற்கு ஆளில்லை. உன் அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார். என் சீட்டில் சால்வை, பதிவாளர் சீட்டில் தொப்பி. துண்டு கிடந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி என்பது அவர் வண்டியில் சட்டம் அல்லவா, அதற்காக எத்தனை சண்டையை விலக்கி விட்டிருப்பார். எல்லாரும் ஏறியாச்சு என்று முடிவு செய்து, நர்ஸம்மா வாய் திறப்பதற்குள் படிக்கட்டில் நின்று, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். ஓட்டுநருக்கு நம் பாஷை ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் இரண்டு தட்டு எந்த ஊர் ஓட்டுநருக்கும் புரியும் போலிருக்கிறது. நானும் பதிவாளரும் வாசலைத் தாண்டி வெளியே வரவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. உன் அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, "போலாம்... ரைட்!" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது! அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை அவர் ரிட்டயர் ஆன பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்த முகத்தோடுதான் எங்கள் இருவரையும் ரோட்டில் பார்த்தார். அப்புறம் வண்டி திரும்பிவிட்டது.

அது ஒருவழிப் பாதை. ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்பி வரமுடியும், யாராவது தவறிப்போனால் இருந்த இடத்திலேயே இருங்கள் என்று குடைப் பெண் காலையிலேயே சொல்லியிருந்தாள். எதிரே குதிரையில் உட்கார்ந்த ஒரு சிலை, அதன் கீழே ஒரு பெஞ்சு. அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆயிற்று, உன் கல்யாணம் அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பழக்க தோஷத்தில் பண்ணிட்டார், தப்பா எடுத்துக்காதீங்க என்றேன். ம் என்றார். நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டு நாம இங்க இருக்கோம்னு சொல்லிடுங்களேன் என்றேன். அவர் போன் கையில்தான் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர போடவில்லை. சார்ஜ் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. இது பையன் கூப்பிடற நேரம். நான் வேற பேச்சில இருந்தா லைன் கெடைக்கலன்னு விட்டுடுவான்" என்றார். நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இவர் பிள்ளையின் போனுக்கு லைனைக் காலியாக வைத்திருக்கிறார். போனும் வந்தது.

நான் ஒட்டுக் கேட்கவில்லை, பெஞ்சு அவ்வளவு சின்னது. எடுத்ததும் குரலை ஆபீஸ் குரலாக்கிக்கொண்டார். முடியாதுன்னா முடியாதுதான் என்றார். எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதில் என்றார். அதற்கு நடுவிலேயே, சாப்ட்டியா, குரல் ஏன் கம்முது, மஃப்ளர் போட்டுக்கறியா, அந்த மேனேஜர் இன்னும் படுத்தறானா என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளை கெஞ்சுகிறது, கோபப்படுகிறது, இவர் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு காலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கிறார், கதை கேட்கும் குழந்தை மாதிரி. எங்கே இருக்கீங்க என்று கேட்டிருப்பான் போல, பஸ்லதான், வசதியா இருக்கேன் என்றார். கடைசியில், "சரி, நாளைக்குப் பேசு, அப்பவும் முடியாதுதான்" என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன் குட்டி. சந்தோஷமாக இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பொண்ண உங்களுக்குப் பிடிச்சிருக்குதானே என்று நேராகவே கேட்டேன். பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. "மொத தடவை போட்டோ காட்டினப்பவே பிடிச்சுது. ஆனா முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான், நல்லா இருக்கீங்களா, மாத்திரை போடறீங்களா, சரி வைக்கிறேன்னு வெச்சிடுவான். இப்போ தெனமும் கூப்பிடறான். நான் சரின்னு சொன்னா அன்னையோட முடிஞ்சுது. எங்க ஆபீஸ்ல பத்திரம் கைக்குப் போற வரைக்கும் தெனமும் வந்து வணக்கம் வெப்பாங்க. வாங்கிட்டுப் போனவன் ஒருத்தனும் திரும்பி வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டதில்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உன்னை ஒரு வருஷமாக அழவிட்டவர். ஆனால் கோபம் வரவில்லை, ஏன் தெரியுமா, நீயும் முன்னால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவாய். பேசும்போதே பின்னால் டைப் அடிக்கிற சத்தம் கேட்கும். ம், அப்புறம் என்பாய். நீ அப்புறம் என்றால் வைக்கப் போகிறாய் என்று அர்த்தம். இந்தக் கல்யாணப் பேச்சு வந்த பிறகு தினமும் கூப்பிடுகிறாய். அவர் இன்னிக்கு என்னம்மா சொன்னாராம் என்று அழுகிறாய், அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, நீ என்ன சமைச்சே என்று கேட்கிறாய். உன் கஷ்டத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பெற்றவள் எழுதக் கூடாதது, எழுதிவிட்டேன். அதையே அவரிடமும் சொன்னேன். ஆனாலும், நமக்கு போன் வரணும்னு அதுங்க ரெண்டும் அங்க தூங்காம கெடக்கணுமா, இது நியாயமா என்றும் கேட்டேன். அவர் குதிரைச் சிலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியுது" என்றார். கண்டக்டர் வீடுன்னுதான் நீங்க யோசிக்கறீங்கன்னு எங்க வீட்டுக்காரர் மனசுல நெனைச்சுப் புழுங்கறார் என்றும் போட்டு உடைத்துவிட்டேன். அதற்குத்தான் நிஜமாகவே பதறிப்போனார். "சேச்சே, என்னங்க இது! சர்வீஸ் முழுக்க நான் பஸ்லதான் ஆபீஸ் போனேன். நான் ஓடி வர்றதப் பாத்து வண்டிய நிறுத்தி வெச்ச கண்டக்டருங்க எத்தனை பேரு! இன்னிக்குத்தான் ஒருத்தர் நிறுத்தாமப் போயிட்டார்" என்றார். பிள்ளைகளிடம் போனில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். போனில் சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

பஸ் திரும்பி வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே உன் அப்பா குதித்துவிட்டார். நம்பினால் நம்பு, சுற்று முழுக்க உட்காரவே இல்லையாம். வண்டியைத் திருப்பச் சொல்லி ஓட்டுநரிடம் தமிழில் கெஞ்சியிருக்கிறார், அவரும் தன் பாஷையில் ஒருவழிப் பாதையைப் பற்றி விளக்கியிருக்கிறார், இரண்டு பேருக்கும் புரிந்துதான் இருக்கிறது. குடைப் பெண் அழுகிற நிலையில் இருந்தாள். அப்பா நேராகப் பதிவாளர் முன்னால் வந்து, அந்தக் காவலர் பார்த்துக்கொண்டிருக்க, கை கூப்பிவிட்டார். "என்ன எவ்வளவு வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா இத வெச்சு என் பொண்ண எடை போட்டுடாதீங்க. அவ நிதானமான பொண்ணு, அவ அம்மா மாதிரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அதையும் போலீஸ்காரர் முன்னால் சொல்லவேண்டி வந்தது. பதிவாளர் பேண்ட்டைத் தட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். உன் அப்பா பழக்கத்தில் முன்னால் ஓடிப் படிக்கட்டில் ஏறி நின்று அவருக்குக் கை கொடுக்கப் போனார், போனவர் பயத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "உள்ள போங்க சம்பந்தி, படிக்கட்டுல நிக்காதீங்க" என்றார்.

உன் அப்பா அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. உள்ளே போங்க என்றதும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸம்மா கவனித்தார், என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அவருக்கு எல்லாம் முன்னாலேயே தெரியுமாம், நோயாளி நடிக்கறது எங்களுக்குத் தெரியாதா என்றார். எல்லாரும் ஏறிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் உன் அப்பாவைப் பார்க்கிறார், உன் அப்பா தன் செருப்பைப் பார்க்கிறார். பதிவாளர்தான் எட்டி, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது. ஹோட்டலுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உன் அப்பாவுக்கு உறைத்தது. "ஏய், அவர் என்னை என்னன்னு கூப்பிட்டார்?" என்று சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்தார். சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. ஊருக்குத் திரும்பியதும் பதிவாளரே தன் பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிடுவார். அதுவரை அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் உன்னால் இருக்கமுடியாது என்று எனக்குத் தெரியும், சொல்லிக்கொள். ஆனால் அவன் அப்பாவிடம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டு வழக்கம்போலச் சண்டை போடட்டும். அவர் சரி என்ற மறுநாளும் கூப்பிட வேண்டும், அதற்கு மறுநாளும் கூப்பிட வேண்டும். சண்டைக்கா விஷயமில்லை? மண்டபம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, அதில் யார் பெயர் முதலில் என்பது இருக்கிறது, அவர் எதிலும் பிழை கண்டுபிடிப்பார். மண்டபமெல்லாம் முடிந்த பிறகு பேச ஒன்றுமில்லை என்று தோன்றினால் கோட்டைக் கல்வெட்டைப் பற்றிக் கேட்கச் சொல், ஒரு மாதம் ஓடும். தலைக்கு வாரம் ஒரு முறையாவது எண்ணெய் வை, கல்யாணப் போட்டோவில் முடியும் விழும். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன், எழுப்பினால் கடிதத்தைப் படிப்பார்.

மறக்காமல் ஒன்றை நினைவில் வை. பதிவாளரும் நர்ஸம்மாவும் சம்மதம். உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். நாலு பேரில் ஒருத்தி இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய், அவளை யாரும் கேட்கவுமில்லை. அவளுக்கு யோசிக்க வேண்டும். நாளாகும். தினமும் கூப்பிட்டுக் கேள்.

இப்படிக்கு,
யோசித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா